தோளில் ஒரு விரல்

என் கணவர் பென்யோ நல்ல ஓட்டுநர். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் மேடம். ஸ்மோலியன் நகரத்திலிருந்து மலைக் கிராமங்களுக்குக் காலமெல்லாம் பேருந்து ஓட்டியவர். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை.

எனக்கு மாதவிலக்கு நின்றபோது தூக்கமும் நின்றது. உடம்பு திடீரென்று தீயாய்க் காந்தும், வியர்வையில் படுக்கை ஊறும், அப்புறம் விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். வருடக்கணக்காக இப்படி. டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "வயசாச்சுல்ல ஸ்லாத்தினா, லிண்டன் பூ டீ குடிங்க, சரியாப் போயிடும்" என்றார். நான் வேலை பார்க்கும் பேக்கரியில் நின்றபடியே கண்ணயர்ந்து, சூடான தட்டில் கையை வைத்துவிட்டேன். தழும்பு இதோ.

பென்யோ தலை சாய்த்ததும் தூங்கிவிடுவார். அதில் எனக்குக் கோபமில்லை. அவர் பெயர்கொண்ட புனிதரின் திருநாளில் வைத்த பெயர்நாள் விருந்தில், ரக்கியா சாராயக் கோப்பையைத் தூக்கிப் பிடித்து நண்பர்களிடம் சொன்னார்: "எங்க வீட்டுக்கு நாயே வேணாம்டா. சம்பளமில்லாத காவல்காரி ஒருத்தி இருக்கா." மேசையே குலுங்கியது. இறைச்சி அடைத்த குடமிளகாய்த் தட்டோடு நின்றிருந்த நானும் சிரித்தேன்.

அன்றிரவே ஆரம்பித்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. அவருடைய குறட்டை சீரானதும் தோளில் ஒரு விரலால் குத்துவேன். அவர் திடுக்கிட்டு விழித்துப் பார்த்தால் நான் கண்மூடிக் கிடப்பேன். மறுபடி அயர்ந்தால் மறுபடி. எப்படியும் விழித்துக் கிடப்பவள்தானே நான்.

வாரங்கள் போகப் போக அவர் மெலிந்தார். "உனக்குத் தூக்கம் வந்துடுச்சு, எனக்குப் போயிடுச்சு பாரு" என்றார்.

"வயசாச்சுல்ல. லிண்டன் பூ டீ குடிங்க" என்றேன். தேன் விட்டு நானே போட்டுக் கொடுத்தேன்.

ஒரு காலை சமையலறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு அழுதார். "உன்னைக் கேலி பண்ணேனே, ஸ்லாத்தினா. இது இப்படி நரகமா இருக்கும்னு எனக்குத் தெரியலம்மா. மன்னிச்சுக்கோ." அவர் தலையைத் தடவிக் கொடுத்தேன். இரவு வந்ததும் விரலைத் தோளில் வைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை, "கண்ணு செருகுது, இன்னிக்கு லீவு சொல்லிடறேன்" என்றார். அன்று சந்தை நாள். மேல் கிராமத்துப் பெண்கள் பாலாடைக்கட்டிக் கூடைகளோடு வண்டி நிறைய வருவார்கள். அது எனக்குத் தெரியும்.

"தூக்கம் இல்லேன்னா லீவு போடுவாங்களா? நான் ஒரு நாளாவது போட்டேனா?" என்று கேட்டு, சாவியை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

பள்ளத்தாக்கு வளைவில் வண்டி திரும்பவே இல்லை, நேரே பள்ளத்தில் பாய்ந்துவிட்டது என்கிறார்கள். பிரேக் போட்ட தடம்கூட இல்லையாம். அப்படியென்றால் தூங்கியிருக்கிறார்.

மன்னிப்புக் கேட்ட அன்றே ஏன் நிறுத்தவில்லை என்கிறீர்கள். நியாயமான கேள்வி. அவருக்குப் புரிந்தால் போதும் என்றுதான் நானும் இருந்தேன். ஆனால் அவர் ஒரே ஒரு தடவைதான் கேட்டார், மேடம். அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு.