ஓர் ஆள் இடம்

தேநீருக்குச் சர்க்கரை அரைக் கரண்டி போதும், ஐயா. பொடித்த சர்க்கரை வேண்டாம், கட்டி தட்டிக்கொள்ளும். பதினெட்டு வருடம் சல்லடைப் பிரிவில் இருந்தவன், கண் சும்மா இருக்காது.

நாங்கள் செய்தது தண்ணீர்க் குழாய்க்குள் வைக்கும் பீங்கான் வில்லை. தூளை இரும்பு அச்சில் கொட்டி அழுத்தி, பிறகு சூளையில் சுட வேண்டும். தூள் மொத்தமும் நைசாக இருந்தால் அச்சின் மூலைக்கு ஓடாது. காற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும், வெளியே எடுக்கும்போதே விரிசல். பெரியது, நடுத்தரம், சிறியது மூன்றும் கலந்திருந்தால்தான் பெரியதன் இடுக்கில் சின்னது போய் உட்காரும். இவ்வளவுதான் விஷயம்.

மேனேஜராக வந்தவர் என் மனைவியின் அண்ணன். வந்த அன்றே எல்லாத் தூளையும் மாவாக அரைக்கச் சொன்னார். "கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது மாப்ள" என்றார். கடுகை யார் அச்சில் போட்டு அழுத்தினார்கள்? வில்லைகள் வரிசையாக விரிசல் விட்டன. பழி என் சல்லடை மேல். என்னை வாசல் காவலுக்கு மாற்றி, அந்த உத்தரவை எல்லாரும் பார்க்கப் பலகையில் ஒட்டியும் வைத்தார். அந்தக் கோபம்தான் என்று வெளியே பேசிக்கொள்கிறார்களாம். சொந்தத்துக்குள் என்ன கோபம்? அவருக்குப் புரிய வேண்டும், அவ்வளவே. வாயால் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

அந்த வாரம் புதுச் சூளை வந்தது. ஒரு சின்ன அறை அளவு. முதல் சூடு வைக்குமுன் உள்ளே நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். மச்சானுக்குப் படம் என்றால் உயிர்.

"இருபது பேருக்கு மேல நிக்க முடியாது மாப்ள."

"முப்பது பேர் நிக்கலாம் மச்சான். நான் நிக்க வைக்கிறேன், பாருங்க."

முதலில் பருமனானவர்கள். மச்சானை நட்டநடுவில் நிறுத்தினேன். அடுத்து நடுத்தரம். அலுவலக ஒல்லிகளை இடுக்குகளில் செருகினேன். எல்லாரையும் லேசாகக் குதிக்கச் சொன்னேன், தூளையும் தட்டித்தானே அமர்த்துவோம். சிரித்துக்கொண்டே குதித்தார்கள். படம் எடுப்பதைப் பார்க்க வந்திருந்த என் மனைவி, கடைசியாக அவள் அண்ணனின் கைக்கடியில் போய்ப் பொருந்தினாள். முப்பது.

"ஒத்துக்கறேன் மாப்ள. நீங்க சொன்னதுதான் சரி" என்றார் மச்சான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதோடு விட்டிருக்கலாமே என்கிறீர்கள். அழுத்தியதைச் சுடாமல் விட்டால் உதிர்ந்துவிடும், ஐயா. வெளியே வந்ததும் அவர் சொன்ன சொல்லும் உதிர்ந்திருக்கும்.

"நீங்களும் வாங்களேன், ஓர் ஆளுக்கு இடம் இருக்கு" என்றாள் மனைவி. உண்மைதான், சரியாக என் அளவு. ஆனால் அந்தக் கதவை வெளியிலிருந்துதான் மூட முடியும்.

மூடினேன். சூட்டை மணிக்கு ஐம்பது டிகிரியாக, மெல்ல மெல்ல ஏற்றினேன். வெறுப்பில் செய்கிறவனுக்கு அவ்வளவு பொறுமை இருக்குமா?

எல்லாம் நான்தான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றுதான் மனசை அறுக்கிறது. சூளையைத் திறந்தவர் நீங்கள்தானே. நான் நிற்காத அந்த இடத்தில் விரிசல் ஏதும் விட்டிருந்ததா?