குந்தர் கட்சியும் எதிர்க்கட்சியும்

…தப்பு குந்தர் மேல இல்ல தம்பி, அதை முதல்லயே சொல்லிடறேன். சேவல்னா கூவத்தான் செய்யும். தப்பெல்லாம் அந்தப் பேராசிரியர் ஹாக்லண்ட் மேல. வாங்க, கூண்டைக் கீழ வைங்க, உக்காருங்க. காபி ஊத்தறேன். பண்ணையிலேர்ந்து இந்தப் பனியில வண்டி ஓட்டிட்டு வந்திருக்கீங்க. என் மடியில இருக்கானே, இவன்தான் குந்தர். விளம்பரத்துல போட்ட போட்டோவைவிட நேர்ல அழகா இருக்கான்ல?

குஞ்சா வாங்கினப்ப பெட்டைன்னுதான் கடைக்காரன் சொன்னான். சரி, அது வேற கதை. சனிக்கிழமைக்குள்ள இவன் வேற வீட்டுக்குப் போயாகணும்னு தெருவே கூடி முடிவு பண்ணிடுச்சு. அதுக்குத்தான் விளம்பரம்.

எல்லாம் ரிட்டயர் ஆனதுலேர்ந்து வந்த வினை. அதுவரைக்கும் பல் டாக்டர்கிட்ட பல் சுத்தம் பண்ற வேலை பார்த்தேன். நான் பேசுவேன், வந்தவங்க வாயைத் திறந்துக்கிட்டு கேப்பாங்க. ஒருத்தர்கூட எதிர்த்துப் பேசினதில்ல. ரிட்டயர் ஆனதும் காலேஜ்ல பெரியவங்களுக்குன்னு அந்த ஹாக்லண்ட் நடத்தற வகுப்புல சேந்தேன். பழைய கிரேக்கத்துலேர்ந்து இடைக்கால பாரிஸ் வரைக்கும் மேல்நாட்டுச் சிந்தனை, அதை இன்னைக்கு எப்படிப் பயன்படுத்தலாம்னு பாடம். நானும் பயன்படுத்தினேன்.

கேள்வி மேல கேள்வி கேட்டே உண்மையைக் கண்டுபிடிக்கணும்ங்கற கிரேக்கப் பாடம் நடந்தப்ப தபால்காரரை நிறுத்தி, 'தைரியம்னா என்ன?'ன்னு கேட்டேன். அவர் பதில் சொன்னார், அதுலேர்ந்து இன்னொரு கேள்வி கேட்டேன். இப்பல்லாம் என் தபாலைப் பக்கத்து வீட்ல போட்டுட்டு ஓடிடறார். அடுத்தது ஸ்டோயிக்னு ஒரு தத்துவக் கூட்டத்தோட பாடம். நம்ம கையில இல்லாததுக்குக் கவலைப்படக்கூடாதாம். ஒழுகற குழாயைக் கவலைப்படாம விட்டேன். கீழ் அறை முழுக்கத் தண்ணி. 'அம்மா, குழாய் உங்க கையிலதான் இருக்கு'ன்னு பிளம்பர் சொல்லித்தான் தெரிஞ்சுது.

அதுக்கப்புறம்தான் இந்த இடைக்கால வாதம். பாரிஸ்ல துறவிங்க வாதம் பண்ணா அதுக்கு ஒரு முறை உண்டாம் தம்பி. எடுத்தவுடனே 'நீ சொல்றது தப்பு'ன்னு குதிக்கக்கூடாது. எதிராளியோட கட்சியை முதல்ல நாமளே எடுத்துச் சொல்லணும். குறைக்காம, திரிக்காம சொல்லணும். அவன் 'ஆமா, இதேதான்'னு ஒத்துக்கணும். அப்புறம்தான் நம்ம பதில். போன்ல ஒருத்தரையொருத்தர் குதறிக்கிறாங்களே, அவங்களுக்கு இது வேணுமா வேணாமா, சொல்லுங்க. …பதில் சொல்ல வேணாம், நீங்க காபி குடிங்க.

இவன் விஷயமா சர்ச் கீழ்த்தளத்துல தெருக்காரங்க கூட்டம். பக்கத்து வீட்டு டெலோரிஸ் எழுந்து, 'மார்லிஸ், உன் சேவல் தூங்க விடமாட்டேங்குது'ன்னா. அவ்வளவுதான் அவளுக்குச் சொல்லத் தெரிஞ்சுது. உக்காந்துட்டா. நான் விட்டேனா? 'இரு டெலோரிஸ், உன் கட்சியை நீ சரியாவே சொல்லலை'ன்னு நான் எழுந்தேன். ஆஸ்பத்திரியில ராத்திரி முழுக்க நின்னுட்டு வந்து இவ கண்ணை மூடறா, அவன் ஆரம்பிக்கறான், நாளைக்கு ஊசி போடற கை நடுங்கினா யாருங்க பொறுப்புன்னு கேட்டேன். எதிர் வீட்டுக் கைக்குழந்தையைச் சொன்னேன். சேவல் இல்லாமலே கோழி முட்டை போடும், அப்ப இவனால என்ன லாபம்னு கேட்டேன். டெலோரிஸ் அழுதுட்டா தம்பி. 'ஆமா மார்லிஸ், இதேதான்'னா. எல்லாரும் கை தட்டினாங்க.

அடுத்தது என் பதில். 'எனக்கு இவனைப் பிடிக்கும்'னேன். அது ஒரு வாதமா? சேவலை அனுப்பணும்ங்கறவங்க கை தூக்கச் சொன்னாங்க. இவன் மேல இரக்கப்பட்டு பாதிப் பேர் தூக்கலை, தெரியுமா? சரிசமமா வந்து நிக்க வேண்டியது. எதிர்ப்பக்கம் ஒரே ஒரு கை கூடிப்போச்சு. யார் கைன்னு கேக்கறீங்களா… என் கைதான். என்ன பண்றது, அவ்வளவு நல்லா சொல்லியிருந்தேனே.

நேரா ஹாக்லண்ட்கிட்ட சண்டைக்குப் போனேன். 'முதல்ல என் கட்சியை எடுத்துச் சொல்லுங்க'ங்கறார் அந்த மனுஷன்.

என்ன கேட்டீங்க? சாதுவான்னா? நல்லா கேட்டீங்க. முறைப்படியே போவோம். இவனை ஏன் கூட்டிட்டுப் போகக்கூடாதுங்கற கட்சியை முதல்ல சொல்லிடறேன், நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல. கணுக்காலைக் கொத்துவான். வாசல்ல பழுப்பு பூட்ஸ் கழட்டி வெச்சீங்களே, பழுப்பு நிறமே இவனுக்கு ஆகாது. பண்ணையில வேற சேவல் இருக்கா? இருக்கா… அப்ப ரத்தம் பார்க்காம விடமாட்டான். கார் வெளிச்சம் பட்டாக்கூட விடிஞ்சுதுன்னு கூவுவான். உங்க வீட்டம்மாவுக்குத் தூக்கம் எப்படி, லேசா? அடடா. அப்புறம் இந்தக் கால் முள்ளைப் பாருங்க, எவ்வளவு நீளம்… ஏன் எழுந்திருக்கீங்க? இது எதிர்க்கட்சி தம்பி, என் பதில் இன்னும் பாக்கி இருக்கு. தம்பி… கூண்டை விட்டுட்டுப் போறீங்க.

போயிட்டார். பூட்ஸைக்கூட போடாம கையில எடுத்துட்டு ஓடறார் பாருடா குந்தர், இந்தப் பனியில. ஞாயித்துக்கிழமை உன்னைக் கேட்டு வந்த அந்தம்மாவும் இப்படித்தான், பதிலைக் கேக்கவே இல்ல. நீ ஏன்டா நடுங்கறே? அவர் பாட்டுக்கு உன்னைத் தூக்கிட்டுப் போயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?

நாளைக்கு இன்னொருத்தர் வர்றார். அவருக்கும் உன் குறையை ஒண்ணு விடாம முறைப்படி எடுத்துச் சொல்லிடறேன். நீ பயப்படாம தூங்கு.