ஓட்டியவர் பெயரைச் சொல்லக் கடமை இல்லை

டீயில் பால் போதுமா பாருங்கள். இந்த வீட்டில் நல்ல டீ போடத் தெரிந்தவள் ஹிலரிதான். அவள் இப்போது நாட்டிங்ஹாமில் தங்கை வீட்டில் இருக்கிறாள். நான் போட்டதைக் குடித்துவிட்டு, மரண விசாரணை அலுவலகத்திலிருந்து வந்த உங்களுக்கே ஏதாவது ஆகிவிட்டால் அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

நீங்கள் கேட்பது சின்னக் கேள்வி. அன்று காலை ஆம்புலன்ஸ் வந்தபோது, பின்வாசல் சரிவுப்பாதையை மறித்து நின்ற நீல வண்டியை ஏன் யாரும் எடுக்கவில்லை? நேராகப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் நான் ரயில்வேயில் கால அட்டவணைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு வண்டி ஏன் தாமதம் என்று கேட்டால், அதற்கு முன்னால் போன வண்டியிலிருந்து ஆரம்பிப்பதுதான் எங்கள் வழக்கம்.

வண்டி என் பெயரில் பதிவானது. அதை அன்று அங்கே நிறுத்தியவரை நான் 'ஓட்டியவர்' என்றே சொல்லிக்கொண்டு போவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், பழக்கதோஷம். தனியார் பார்க்கிங் நிறுவனங்களோடு மல்லுக்கு நிற்பவர்கள் கற்கும் முதல் பாடமே அது. அவர்கள் அனுப்பும் நோட்டீஸில் ஏதாவது கோட்டைவிட்டிருந்தால் உரிமையாளரிடம் வசூலிக்க முடியாது. ஓட்டியவர் யாரென்று தெரிந்தால் மட்டும்தான் முடியும். ஆகவே 'நான் நிறுத்தினேன்' என்று ஒருநாளும் வாயில் வரக்கூடாது. இணையத்தில் எங்களுக்கு ஒரு மன்றம் இருக்கிறது. விவரம் தெரியாத புதியவர் யாராவது 'நான்' என்று எழுதிவிட்டால் போதும், என்னைப் போன்ற பழைய ஆட்கள் பாய்ந்து விழுந்து திருத்துவோம். அது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. "பாலை யாரு வெளியில வச்சுட்டுப் போனது?" என்று ஹிலரி கேட்பாள். "வச்சவர் பேரைச் சொல்ல எனக்குக் கடமை இல்ல" என்பேன். ஆரம்பத்தில் அவள் சிரித்தாள்.

எங்கள் பின்முற்றத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். சரிவுப்பாதையின் வாயில் ஒரு கார் நிற்கும் அளவு இடம் உண்டு. அங்கே யாரும் நிறுத்துவதில்லை. மேல்மாடி நார்மன் ஓக்டனின் சக்கர நாற்காலி லிஃப்டிலிருந்து அந்த வழியாகத்தான் வெளியே வர முடியும்; முன்வாசலில் படிக்கட்டு. இதை யாரும் யாருக்கும் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். பிறகு கட்டட நிர்வாகம் ஒரு பார்க்கிங் நிறுவனத்தை அமர்த்தியது. அவர்களுக்கு நார்மனும் தெரியாது, நாற்காலியும் தெரியாது. கண்ட சுவரிலெல்லாம் பலகை அடித்தார்கள். அந்த இடத்திலும் ஒன்று அடித்தார்கள். 'அனுமதி அட்டை உள்ளவர்களுக்கு மட்டும்.'

ஒரு மழைநாளில் தோட்ட எரு மூட்டைகளை இறக்குவதற்காக ஓட்டியவர் அங்கே நிறுத்தினார். நூறு பவுன் கேட்டு நோட்டீஸ் வந்தது. அனுமதி அட்டை இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தது நழுவி இருக்கைக்கு அடியில் போய்விட்டது.

"அட்டையப் படம் எடுத்து அனுப்புங்க, விட்டுடுவாங்க" என்றாள் ஹிலரி.

"அனுப்பலாம். ஆனா அந்தப் பலகை தப்பு, ஹிலரி."

"பலகை தப்பா இருந்தா இருந்துட்டுப் போகுது. உங்களுக்கு என்ன வந்தது?"

எனக்கு என்ன வந்தது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. நான் யோசித்ததெல்லாம் பலகையைத்தான். ஒப்பந்தம் என்றால் ஒரு பக்கம் எதையாவது தர முன்வர வேண்டும். மற்ற பலகைகளில் 'அட்டையில்லாமல் நிறுத்தினால் இவ்வளவு தர வேண்டும்' என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. அதையாவது ஒரு பேரம் என்று சொல்லலாம். இந்தப் பலகை சின்னது, பொடி எழுத்துக்கு இடம் இல்லாமல் விட்டுவிட்டார்கள். அட்டை இல்லாதவனை வராதே என்கிறது, அதோடு நிறுத்திக்கொள்கிறது. தராத இடத்துக்குக் கட்டணம் எப்படிக் கேட்பது? அழகான வாதம். இந்த வாதத்தை நான் குளிக்கும்போதுகூட சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினேன். நல்லெண்ண அடிப்படையில் கட்டணத்தை ரத்துசெய்கிறோம் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. என் வாதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. பணம் மிச்சமானதற்கு அவமானப்பட்ட முதல் ஆங்கிலேயன் நானாகத்தான் இருப்பேன். மன்றத்தில் எல்லோரும் "பயந்து ஓடிட்டாங்க, ரோலண்ட்" என்று கொண்டாடினார்கள். ஓடவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. பார்க்கிங் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் ஒருவர் படித்துவிட்டு, ரோலண்ட் டனிக்லிஃப் சொல்வது சரி என்று எழுத வேண்டும். அதற்கு இன்னொரு நோட்டீஸ் வேண்டும். அட்டையை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். ஓட்டியவர் தினமும் அதே இடத்தில் நிறுத்தத் தொடங்கினார். வேறு இடத்தில் நிறுத்திப் பயனில்லை, எனக்குத் தோதான பலகை அங்கே மட்டும்தான் இருந்தது.

நோட்டீஸ் போடுகிற ஆள் வாரக்கணக்கில் வரவில்லை. பெரில்தான் வந்தாள், நார்மனின் மனைவி. குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு, வண்டி இப்பல்லாம் அங்கதான் நிக்குது போல. நார்மன் நாற்காலி கொஞ்சம் இடிக்குது. பரவால்ல, சும்மா சொன்னேன். மழை வரும்போல இருக்கு, இல்ல?"

எங்கள் டார்பி ஊரில் இப்படிச் சொன்னால் கழுத்தைப் பிடித்து உலுக்கியதாக அர்த்தம். அது எனக்கு நன்றாகவே புரிந்தது.

"கொஞ்ச நாள்தான், பெரில். தீர்ப்பு வந்ததும் அந்த வண்டி அங்க நிக்காது."

"தீர்ப்பா? அப்படியா? சரி கண்ணு, நல்லபடியா வரட்டும்" என்றாள். உண்மையாகவே வாழ்த்தினாள்.

அந்தக் காலை உறைபனி படிந்திருந்தது. ஹிலரி தேவாலயப் பாட்டுக் குழுவுக்குப் போயிருந்தாள். நான் ஜன்னலில் நின்றபோது மஞ்சள் கோட்டுப் போட்ட ஆள் முற்றத்துக்குள் வந்தான். வண்டியைச் சுற்றி வந்தான், கண்ணாடிக்குக் கீழே எட்டிப் பார்த்தான், கேமராவை எடுத்தான். நான் ஆணியிலிருந்த வண்டிச் சாவியை எடுத்துக் கையில் இறுக்கிக்கொண்டேன். உடனே நோட்டீஸ் போட மாட்டார்கள், சற்று நேரம் காத்திருந்து பார்க்க வேண்டும் என்பது அவர்கள் விதி. அந்த நேரத்தில் யாராவது சாவியோடு வந்து வண்டியை எடுத்தால் நோட்டீஸும் கிடையாது, ஓட்டியவர் முகமும் படத்தில் விழுந்துவிடும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் பெரில் என் கதவைத் தட்டினாள்.

"ரோலண்ட், இருக்கீங்களா? மன்னிச்சுக்கோங்க. நார்மனுக்கு நெஞ்சு வலிக்குதாம், ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு. வண்டிய மட்டும் கொஞ்சம் நகர்த்திடுறீங்களா?" மறுபடி தட்டினாள். "ஹிலரி? யாராவது இருக்கீங்களா?"

பிறகு அவள் வீட்டுச் செருப்போடு முற்றத்துக்கு ஓடி, மஞ்சள் கோட்டுக்காரனிடம் கெஞ்சினாள். ஜன்னல் மூடியிருந்தது, ஆனாலும் அவன் சொன்னது காதில் விழுந்தது. "நான் வண்டியத் தொடக்கூடாதும்மா. ஓட்டினவர் வரணும்."

ஆம்புலன்ஸ் வந்தது. அவர்களுடைய தள்ளுபடுக்கையால் அந்த நீல வண்டியைத் தாண்டி உள்ளே வர முடியவில்லை. நார்மன் கனத்த மனிதர். தூக்கு நாற்காலியில் உட்காரவைத்து, முன்வாசல் படிகளில் பனியில் வழுக்கி வழுக்கி இறக்கினார்கள். இதற்கிடையில் மஞ்சள் கோட்டுக்காரன் நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போய்விட்டான். நான் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, தலையைக் குழாயில் நனைத்துக்கொண்டு, துண்டோடு கீழே ஓடினேன். முன்கதவைப் பிடித்துக்கொண்டேன். நன்றாகவே பிடித்துக்கொண்டேன், ஒருமுறைகூட அது அவர்கள்மேல் மோதவில்லை.

"குளிச்சிட்டு இருந்தேன், பெரில்" என்றேன்.

"ஐயோ, குளிக்கும்போது வந்து தட்டிட்டேனா? மன்னிச்சுக்கோங்க, கண்ணு" என்றாள் அவள்.

நார்மன் மருத்துவமனை வாசலை எட்டவில்லை. சீக்கிரம் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று மருத்துவர்கள் சொன்னதாகக் கேள்வி. அந்த வாக்கியத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நன்றாக எழுதப்பட்ட வாக்கியம், ஓட்டை இல்லாதது.

அந்த நோட்டீஸை எதிர்த்து நான் எழுதியதை நிறுவனம் இந்த முறை நிராகரித்தது, விஷயம் நடுவரிடம் போயிற்று. பிரேதப் பரிசோதனையால் வாரக்கணக்கில் தள்ளிப்போன அடக்கத்துக்குக் கிளம்பும்போது நடுவரின் தீர்ப்பு வந்தது. நான் ஜெயித்துவிட்டேன். அந்தப் பலகை தடை மட்டுமே, ஒப்பந்தம் அல்ல என்று ஏறக்குறைய என் சொற்களிலேயே எழுதியிருந்தார். அதைக் கறுப்புக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டுதான் தேவாலயத்துக்குப் போனேன். பெரில் என்னைக் கட்டிக்கொண்டாள். "கடைசியில கதவைப் பிடிச்சது நீங்கதான், மறக்க மாட்டேன்" என்றாள். அவள் கன்னம் அந்தக் காகிதத்தின்மேல் அழுந்தியது. சலசலத்துவிடுமோ என்று பயந்தேன். வேறெதுவும் எனக்கு அப்போது தோன்றவில்லை, தோன்றியிருக்க வேண்டும்.

நிறுவனம் நடுவருக்கு அனுப்பிய படங்களின் நகல் எனக்கும் வந்திருந்தது. தீர்ப்பைக் காட்டலாம் என்று ஹிலரியைக் கூப்பிட்டேன். அவள் தீர்ப்பைப் படிக்கவில்லை. படத்தைத்தான் பார்த்தாள். நீல வண்டி, பலகை, மேலே எங்கள் ஜன்னல்.

"ஜன்னல்ல யாரு, ரோலண்ட்?"

நான் தீர்ப்பை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"கையில சாவி இருக்கு. யாருன்னு கேக்கறேன்."

"பேரைச் சொல்லக் கடமை..." என்று ஆரம்பித்தேன். நாற்பது வருடம் என்னோடு வாழ்ந்தவள், யாரோ அந்நியனைப் பார்ப்பதுபோல் என் வாயையே பார்த்தாள். பிறகு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். அந்தப் படத்தை உங்களுக்கு அனுப்பியதும் அவள்தான் என்று நினைக்கிறேன். அனுப்பட்டும். என்னைவிட நேர்மையான பெண்.

டீ ஆறிவிட்டது. பேனாவை எடுங்கள், ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன். வண்டியை அங்கே நிறுத்தியது நான். சாவி என் கையில் இருந்தது. பெரில் முதல் தடவை தட்டியபோதே எனக்குக் கேட்டது. அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கதவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு நாற்காலிகூட இல்லை. போயிருந்தால் நார்மனுக்கு வழி கிடைத்திருக்கும். எனக்கு அந்த நோட்டீஸ் வேண்டியிருந்தது, அதனால் போகவில்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இங்கேயா? போடுகிறேன். அதற்கு முன் ஒன்று மட்டும் தெளிவுபடுத்துங்கள். இதன் நகல் அந்தப் பார்க்கிங் நிறுவனத்துக்குப் போகாது, இல்லையா?