உள்ளிருந்து கட்டிய கதவு

மலையில் படுக்கிறவனுக்குக் குளிர் மேலேயிருந்து வராது, தரையிலிருந்துதான் ஏறும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்லீப்பிங் பேக்காக இருந்தாலும் அதற்குள் அடைத்த இறகு உடம்புக்கு அடியில் நசுங்கிவிடும், நசுங்கிய இறகு சூடு தராது. அடியில் விரிக்கும் மெத்தைதான் ஆளைக் காப்பாற்றும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம், வேட்டைக்குப் புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கு இதை வகுப்பெடுத்துச் சொல்கிறவன் நான்.

ஆகவே, மேடம், டெல்பர்ட்டின் சாவைப் பற்றிய உங்கள் விசாரணை அறிக்கையில் 'உறவினர் அறியாமல் சொன்ன யோசனையால்' என்று எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. சவ அடக்கத்தில்கூட அழாமல் நின்றவன், அந்த வரியைப் படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 'அறியாமல்' என்ற அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். என் பெயர் ஆர்விட் ட்வெய்ட். சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

டெல்பர்ட் என் தங்கை மார்லிஸின் கணவன். அவர்களுக்குக் கல்யாணமான வருஷத்திலிருந்து ஒவ்வொரு நவம்பரும் எல்க் மான் வேட்டைக்கு நானும் அவனும் கெண்டி ஓடைக்குப் போவோம். என் கான்வாஸ் கூடாரத்தைக் கோவேறு கழுதைகள் சுமந்து வரும். உள்ளே இரும்பு அடுப்பு, காயப்போட்ட காலுறைகள், கொதிக்கிற காப்பி. வெளியே எது நடந்தாலும் உள்ளே ஒரு மனிதன் சட்டையோடு உட்காரலாம்.

ஒருமுறை டெல்பர்ட் மான் கொம்பைத் தோளில் வைத்தபடியே குனியாமல் நுழைந்து பக்கச் சுவரைக் கிழித்துவிட்டான். அந்த வேட்டை முடியும்வரை நான் அவனோடு பேசவில்லை. அவனே மெழுகு நூலைக் கோத்து, கண்ணை இடுக்கிக்கொண்டு தைத்து முடித்தான். தையல் கோணல்மாணல்தான், ஆனால் ஒரு சொட்டுக்கூட ஒழுகியதில்லை. அதற்குப் பிறகு கூடாரத்தை நெருங்கும்போதெல்லாம் இடுப்பிலுள்ள கத்தி உறையைக் கையால் பொத்திக்கொண்டுதான் வருவான். பழக்கமாகவே ஆகிவிட்டது.

இந்த வருஷம் அவன் புத்தி மாறியது. போனில் எவனெவனோ பேசுவதைப் பார்த்துவிட்டு, தரையே இல்லாத ஒரு மெல்லிய கூடாரமும் வாத்து இறகு ஸ்லீப்பிங் பேக்கும் வாங்கினான். ஓடைக்கரையில் என்னோடு தங்காமல், மான்கள் நடமாடும் மேட்டிலேயே தனியாகப் படுக்கப் போகிறானாம். மதுக்கடையில் எல்லார் முன்னாலும் என் கூடாரத்தை 'சர்க்கஸ்' என்றான். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். இத்தனை வருஷம் அதற்குள் குறட்டை விட்டவன் அப்படிச் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மார்லிஸின் சமையலறையில், அவள் மாவு நிறுக்கும் தராசில் தன் சாமான்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் கூடாரத்தத் தூக்க ரெண்டு கழுத வேணும் மச்சான். எனக்கு என் முதுகே போதும்."

"அப்ப உனக்கு ஒரு கழுத போதும்னு சொல்லு மாப்ளே."

மார்லிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும்தான். அவனிடம் இரண்டு மெத்தைகள் இருந்தன. ஒன்று கைக்குட்டை மாதிரி மடிகிற காற்று மெத்தை, கோடைக்கு ஆகும். இன்னொன்று உள்ளே பஞ்சு வைத்தது, தடிமனானது, கனமானது. இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"கிண்டல விடு மச்சான். வகுப்பெடுக்கிற ஆளு நீதான். எதக் கொண்டு போகட்டும்?"

"உன் ஸ்லீப்பிங் பேக் இருக்கிற தரத்துக்கு மெல்லிசே போதும்," என்றேன்.

மடக்கு அடுப்பு ஒன்றும் வைத்திருந்தான். "அடுப்பா? அப்புறம் உன்னுதும் சர்க்கஸ்தானே," என்றேன். அதைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டான். "இது போதுமாண்ணே?" என்று மார்லிஸ் கேட்டாள். போதும் என்றேன். தெரிந்துதான் சொன்னேன். ஸ்லீப்பிங் பேக்கை எல்லாரும் தடவிப் பார்ப்பார்கள், மெத்தையை யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நீங்களும் அந்தப் பையைத்தானே மேஜைமேல் விரித்து வைத்து வியந்தீர்கள்.

ஒரு ராத்திரி நடுங்கட்டும் என்றுதான் நினைத்தேன். நடுங்கினால் இறங்கி வருவான், அடுப்பருகே உட்காருவான், சொல்ல வேண்டியதைச் சொல்வான். அதன் பிறகு எல்லாம் பழையபடி நடக்கும். இதில் என்ன தப்பு என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

ஓடைக்கரையில் கூடாரம் அடித்த அன்று காலை, கனடாப் பக்கமிருந்து கடுங்குளிர் இறங்குகிறது என்று என் ரேடியோவில் சொன்னார்கள். அவன் அப்போது கழுதைகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தான், கேட்கவில்லை. மத்தியானம் அவனுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்து மேட்டுக்கு அனுப்பி வைத்தேன். ரேடியோ சொன்னதை அவனிடம் சொல்லவில்லை. எடை பார்க்கிறவன் ரேடியோ வாங்கவில்லை என்றால் அதற்கு நான் பொறுப்பில்லை.

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் அவன் இறங்கி வந்தான். நான் தூங்கிக்கொண்டிருந்ததாக உங்களிடம் சொன்னது பொய். அதையும் திருத்திக்கொள்ளுங்கள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, கையில் காப்பி இருந்தது. பனியில் கால் இழுபடும் சத்தம் கேட்டது. கூடாரக் கதவை உள்ளிருந்து கயிற்றால் கட்டியிருந்தேன்.

"மச்சான், கதவத் தெற."

"யாரு? முதுகே போதும்னாரே, அவரா?"

"வெளையாடாத. கை வேல செய்யல."

"ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டு உள்ள வா மாப்ளே. மச்சான் கூடாரந்தான் சரின்னு சொல்லு."

அவன் சிரித்தான். "சர்க்கஸ் பாக்க டிக்கெட்டா கேக்குற?" என்றான். அந்த நேரத்திலும் வாய்க்கொழுப்பு அடங்கவில்லை. ஆனால் நாக்கு குழறியது. வகுப்பில் நான் கரும்பலகையில் வரிசையாக எழுதிக் காட்டுவேன்: முதலில் நடுக்கம், அப்புறம் நாக்குக் குழறல், அப்புறம் நடுக்கம் நிற்கும், கடைசியில் உடம்பு எரிவதாகத் தோன்றி உடுப்பைக் கழற்றுவான். இந்த வரிசையை என்னைவிட நன்றாக அறிந்தவன் இந்த மாவட்டத்தில் இல்லை.

அவன் பற்கள் கிடுகிடுத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. நான் ஒரு விறகைப் போட்டேன். அவன் கதவை விட்டு நகர்ந்து பக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான், கான்வாஸ் உள்பக்கமாகப் புடைத்தது. கை நீட்டினால் அவன் முதுகைத் தொட்டிருக்கலாம்.

"சூடா இருக்கு மச்சான்," என்றான். பிறகு கோட்டு ஜிப்பு இறங்கும் சத்தம் கேட்டது.

நான் காத்திருந்தேன். ஒரு வார்த்தைதான் கேட்டேன், ஆயுசு முழுக்க அடிமையாக இரு என்று கேட்கவில்லை. அவன் சொல்லவில்லை. ஒரு மனிதனுக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது, மேடம். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு கயிற்றை அவிழ்த்தேன்.

சவ அடக்கத்தில் மார்லிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ தூங்கிட்டிருந்ததே நல்லதுண்ணே, கேட்டிருந்தா தாங்கியிருக்க மாட்டே," என்றாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அடுத்து அவளும், "மெத்தை விஷயம் உனக்குத் தெரிஞ்சிருக்காதுண்ணே," என்றாள். ஊரே அப்படித்தான் பேசுகிறது. வகுப்புக்கு வேறு ஆளைப் பார்க்கப் போகிறார்களாம். எனக்குத் தெரியும். குளிர் இறங்குவது தெரியும், மெல்லிய மெத்தை என்ன செய்யும் என்று தெரியும், வெளியே உட்கார்ந்திருந்தவன் எந்தக் கட்டத்தில் இருந்தான் என்று தெரியும். தெரிந்தே கதவைத் திறக்கவில்லை. அவனைக் கொன்றவன் நான்தான், போதுமா? இப்போது அந்தச் சொல்லை அடியுங்கள்.

இன்னொரு திருத்தமும் இருக்கிறது. அவன் கை இடுப்புக் கத்தியின்மேல் இருந்ததால், கூடாரத்தைக் கிழித்து உள்ளே வர முயன்று விரல் மடங்காமல் போயிருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அவனைத் தெரியாது. அவன் சாய்ந்திருந்தது தன் கையால் தைத்த இடத்தில். கத்தியால் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் அந்தத் தையல் விட்டிருக்கும், உள்ளே வந்திருப்பான். அவன் கத்தியை எடுக்கப் பார்க்கவில்லை, துணியில் படாமல் உறையைப் பொத்திக்கொண்டிருந்தான். கடைசியில் என் கூடாரத்தின் அருமை அவனுக்குப் புரிந்துவிட்டது, வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.