தலைவலிக்கு முதுகில் ஊசி

அரக்கோணத்திலிருந்து திருத்தணி போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் அக்காவும் தங்கையும். ஜன்னலோரம் அக்காவின் புருஷன், புது மொட்டையோடு கண்ணை மூடியிருந்தார்.

“தலைவலிக்கு முதுகுல ஊசியாம்! யாருகிட்ட கதை வுடறாங்க? அதான் ஆஸ்பத்திரிலேர்ந்து கூட்டினு வந்துட்டேன்,” என்றாள் அக்கா.

“ஸ்கேன்ல தெரியாத ரத்தக்கசிவு முதுகுத்தண்டு தண்ணியில தெரியும்னு டாக்டரம்மா தொண்டை கிழிய சொன்னாங்களேக்கா!”

“மொட்டைத் தலையோட வெயில்ல நின்னா வலிக்காதா?”

“நேத்து பாவாவுக்கு இடி விழுந்தாப்புல வலி வந்துச்சுன்னுதானே நீ வேண்டிகினு மொட்டையே போட்டுவுட்ட! கழுத்து விறைச்சா உடனே வரச் சொன்னாங்க.”

“விறைக்கல. நல்லாத்தான் கீறாரு.”

கண்டக்டர் நீட்டிய டிக்கெட் அக்கா புருஷனின் மடியில் விழுந்தது. குனிந்து பார்க்க முயன்றார். கழுத்து மடங்கவே இல்லை.

“அண்ணா, வண்டிய திருப்புங்க!” என்று கத்தினாள் அக்கா.