மொத்த எடை

தட்டச்சு வேலைக்கு நல்ல விரல்கள் வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் வேண்டியது நல்ல முதுகு. முப்பத்தொரு வருடமாக நீதிமன்றத்தில் தீர்ப்புகளைத் தட்டச்சு செய்கிறவள் சொல்கிறேன், நம்புங்கள். இந்த நாற்காலியில் எவ்வளவு நேரம் உட்காரவைத்தாலும் எனக்குச் சிரமமில்லை ஐயா. நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு ஒன்பது வயதில் அம்மா இறந்துபோனாள். அப்பா அதற்கும் முன்பே. நான்தான் வளர்த்தேன். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களும் இருந்தார்கள். அவன் படிப்பு முடியட்டும் என்றேன். படிப்பு முடிவதற்குள் கேட்பவர்கள் முடிந்துபோனார்கள். குறையாகச் சொல்லவில்லை. இரண்டு அறை, இரண்டு நாற்காலி, இரண்டு தட்டு. எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. கூட வேலை பார்த்த பெண்ணும் வருகிறாளாம், அங்கேயே கல்யாணமாம். "வாராவாரம் போன் பண்றேன்க்கா" என்றான். பக்கத்து அறையில் இருக்கும்போதே வாராவாரம் பேசியவன் இல்லை அவன்.

அவனுடைய பயணப் பையின் உள்துணி கிழிந்திருந்தது. "கொஞ்சம் தைச்சுக் குடேன்க்கா" என்று என் மடியில் போட்டுவிட்டுப் போனான்.

வழக்கு முடிந்த போதைப்பொருளை எரித்துவிடுவார்கள். பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே 'அழிக்கப்பட்டது' என்று அடிப்பது என் வேலை. அந்த மாதம் ஒரு பொட்டலம் காகிதத்தில் மட்டும் எரிந்தது.

நான் பேராசைக்காரி இல்லை. எங்கள் சட்டத்தில் ஐந்து கிராமுக்குள் வைத்திருந்தால் அதிகம் போனால் ஒரு வருடம். ஐந்தைத் தாண்டினால் பத்து வருடம் வரை போகும். நான் வைத்தது நான்கு. ஒரு வருடத்தில் வேலையும் போகும், அவளும் போவாள், தம்பி வீட்டுக்கு வந்துவிடுவான். உள்துணிக்குள் வைத்துத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். அவன் விமான நிலையம் போய்ச் சேரும் நேரம் பார்த்துத் துப்புச் சொன்னதும் நான்தான்.

ஆய்வுக்கூடத்தில் ஒன்பது கிராம் என்று வந்தது. பொட்டலம் கைக்கு ஒல்லியாகத் தெரிந்ததால் கொஞ்சம் கோதுமை மாவு கலந்திருந்தேன். மாவையும் சேர்த்தா எடை போடுவார்கள் என்று வக்கீலிடம் அழுதேன். "கலவையோட மொத்த எடைதாம்மா கணக்கு" என்றார். அந்த அழுகை நிஜம். அதே வரியை எத்தனையோ தீர்ப்புகளில் நானே அடித்திருக்கிறேன் என்பதும் நிஜம்.

பத்து வருடம் கொடுத்தார்கள். வியாழக்கிழமைதோறும் போய்ப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், இருபது நிமிடம். அவ்வளவு நேரம் அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசி வருடக்கணக்காகியிருந்தது. அந்தப் பெண் மூன்று தடவை வந்தாள், பிறகு நின்றுவிட்டாள். "உன்னை விட்டா எனக்கு யாரு இருக்காங்கக்கா" என்றான். அன்றைக்கு வீடு வரை நடந்தே வந்தேன். சந்தோஷமாக இருந்தேன் ஐயா, அதை ஏன் மறைக்க வேண்டும்.

போன வாரம் அவனை வேறு சிறைக்கு மாற்றப்போவதாகச் சொன்னார்கள். ரயிலில் ஒன்றரை நாள் தூரம். வருடத்துக்கு இரண்டே சந்திப்பு. வீட்டுக்கு வந்து இரண்டாவது தட்டைக் கழுவிக் கவிழ்த்துவைத்தேன். இரண்டு நாள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச ஆள் இல்லை. மூன்றாம் நாள் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

மனசாட்சி உறுத்தியதா என்று கேட்டீர்கள். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், படிக்க நன்றாக இருக்கும். வைத்தது நான். எடையைக் கூட்டியதும் தெரிந்தேதான். அவனை விட்டுவிடுங்கள். எனக்கு எத்தனை வருடம் கொடுத்தாலும் சரி, இந்த ஊர்ச் சிறையிலேயே வையுங்கள்.

அவன் வெளியே வந்ததும் ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கே வரிசையில் நின்றால்தான் முழு இருபது நிமிடமும் கிடைக்கும்.