கறை படாத சுவர்

உங்கள் காவல் நிலையத்தின் இந்த ஜன்னலுக்குக் கீழே ஓர் ஈரக் கறை இருக்கிறது. தினமும் பார்ப்பதால் உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். எனக்கு வந்து உட்கார்ந்ததிலிருந்தே கண்ணை உறுத்துகிறது. நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன். நன்றி. தேநீர் நன்றாக இருந்தது, இன்னொன்று வேண்டாம்.

நீங்கள் குரலை உயர்த்தத் தேவையில்லை. சொல்லக் கூடாது என்று நினைத்திருந்தால் நான் வந்திருக்கவே மாட்டேன். ஒன்றன் பின் ஒன்றாகச் சொல்கிறேன். நடுவில் அவசரப்படுத்தாமல் இருந்தால் போதும்.

பூங்காக்களை வடிவமைப்பது என் தொழில். பொதுத் தோட்டங்கள், நினைவிடங்கள், குடியிருப்புகளுக்கு நடுவே நாலு பேர் உட்கார்ந்து பேசும் இடங்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது செடி வைக்கிற வேலை. என் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, கட்டட ஒப்பந்தக்காரன். என்னை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும் அவனிடம் ஒரே வசனம்தான். "எங்க அத்தான் புல்லு புடுங்கறதுக்குன்னே பெரிய படிப்பு படிச்சுப் பட்டம் வாங்கினவரு." எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அவனுக்கு வாய் ஓயாது. அவனுடைய ஒரே மகளும் அவனை உரித்து வைத்தவள். வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர். அவளுடைய உண்மையான பெயரைக் கல்லில் வெட்டக் கொடுத்தபோதுதான் நான் முதல்முறையாக முழுசாக எழுதினேன்.

என் தொழிலில் எனக்கு நன்றாக வருகிற ஒன்று உண்டு. மனிதர்களைக் கேட்காமலே நான் நினைக்கிற இடத்தில் அவர்களை உட்கார வைத்துவிடுவேன். முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர் வேண்டும், முன்னால் கொஞ்சம் திறந்தவெளி வேண்டும், குழந்தைகள் கண் பார்வையில் இருக்க வேண்டும். மழை விட்டு வெயில் வந்தால் ஜனங்கள் சூடேறிய கல்லைத் தேடி வருவார்கள். மேட்டுப் பூங்காவில் இதையெல்லாம் யோசித்துத்தான் இருக்கை போட்டேன். மேலே குடியிருப்பு, கீழே விளையாட்டு மணல், இரண்டுக்கும் நடுவே சரிவு. சரிவு மண் இறங்காமல் தாங்கிப் பிடிக்க ஆள் உயரத்துக்கு மேல் ஒரு நீளச் சுவர். அதன் காலடியில், சுவர் முழுக்க நீளும் ஒரே இருக்கை. கல் வெளிர் நிறம். எனக்கு அந்தச் சுவரை மிகவும் பிடித்திருந்தது.

இப்படி மண்ணைத் தாங்கும் சுவர்களில் சிறு ஓட்டைகள் விடுவோம். பெய்கிற மழை மண்ணுக்குள் இறங்கிச் சுவருக்குப் பின்னால் சேரும். அது வெளியே வடிவதற்குத்தான் ஓட்டைகள். என் வரைபடத்திலும் அவை இருந்தன, சுவரிலும் வைத்துத்தான் கட்டினோம். முதல் மழை பெய்தது. ஒவ்வொரு ஓட்டையின் வாயிலிருந்தும் பழுப்பாக ஒரு கோடு கீழ்வரை இறங்கியிருந்தது. வரிசையாக எச்சில் துப்பி வைத்ததுபோல இருந்தது. திறப்பு விழா நெருங்கிக்கொண்டிருந்தது, ஒரு பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அன்று மதியம் என் மனைவி எங்கள் இருவருக்கும் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். அந்த இருக்கையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். கை கழுவும்போது மைத்துனனிடம் சொன்னேன்.

"மாப்ளே, இந்த ஓட்டையெல்லாம் அடைச்சிடு."

"அடைச்சா தண்ணி எங்க அத்தான் போகும்?"

"பின்னாடி ஜல்லி கொட்டியிருக்கோம்ல, அது வழியா கீழ இறங்கிடும்."

"சரி. அப்புறம் எப்பத் திறக்கணும்?"

"திறக்கவே வேணாம். கல்தூள் கலந்து பூசிடு. இருந்த இடமே தெரியக் கூடாது."

"புல்லு புடுங்கற படிப்பு படிச்சவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான். என் மனைவி அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

ஜல்லி வழியாக இறங்கும் தண்ணீர் வெளியே வருவதற்குத்தான் அந்த ஓட்டைகள். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரியும். ஆனால் படத்தில் சுவர் சுத்தமாக விழுந்தது. அந்தப் பத்திரிகையின் அட்டையில் வந்தது.

அடுத்த பெருமழையைச் சுவர் தாங்கி நின்றது. அது விழுந்தது மழை விட்ட பிறகு. வெயில் வந்து, வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் எல்லாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகு. நான் அப்போது அலுவலகத்தில் வேறொரு பூங்காவின் நடைபாதைக்கு ஓடு தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். சாம்பல் நிறமா, மணல் நிறமா என்று இரண்டையும் கையில் வைத்திருந்தேன். தொலைபேசியில் சொன்னார்கள். மணல் நிறத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஒன்பது பேர். அதில் வாலுவும் ஒருத்தி.

எனக்கு அழுகை வரவில்லை. கையின்மேல் நீண்ட நேரம் படுத்துவிட்டால் விரல்கள் மரத்துப்போகும் அல்லவா, அப்படி இருந்தது. அந்த மரத்தல் இன்னும் விடவில்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

மருத்துவமனை நடைக்கூடத்தில் மைத்துனன் தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டை முழுக்க மண். என்னைப் பார்த்ததும் கேட்டான். "அத்தான், நீங்கதானே அடைக்கச் சொன்னீங்க?"

அவன் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டேன்.

"படம் எடுக்கிற வரைக்கும்தான் அடைக்கச் சொன்னேன், மாப்ளே. விழா முடிஞ்சதும் திறந்துடுன்னு சொன்னேனே. மறந்துட்டியா?"

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். துக்கத்தில் இருப்பவனுக்கு ஞாபகம் ஈர மண் மாதிரி, எப்படி அழுத்தினாலும் அந்த வடிவத்துக்கு வந்துவிடும். "சொன்னீங்களா," என்றான். பிறகு, "சொல்லியிருப்பீங்க," என்றான். அதற்குமேல் நான் எதுவும் சொல்லவேண்டி இருக்கவில்லை. விசாரணையில் அவனே எழுந்து, திறக்க மறந்துவிட்டேன் என்று சொன்னான். வரைபடத்தில் ஓட்டைகள் இருந்ததால் என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவன் சிறைக்குப் போனான். அதன்பிறகு அவன் யாரிடமும் பேசுவதே இல்லை என்றார்கள்.

நீங்கள் என்னை அப்படிப் பார்ப்பது புரிகிறது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இருவரும் உள்ளே போயிருந்தால் என் மனைவியையும் அவன் மனைவியையும் யார் பார்த்துக்கொள்வது? அவனுக்கோ எப்படியும் வாழ்க்கை போய்விட்டது. எனக்கு வேலை இருந்தது.

என்ன வேலை என்று பிறகு தெரிந்தது. அதே சரிவில் ஒரு நினைவிடம் கட்ட முடிவு செய்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்களே என்னைக் கேட்டார்கள். மனைவியைப் பறிகொடுத்த ஒரு தையல்காரர் கூட்டத்தில் எழுந்து, "அவரு வீட்டுப் பிள்ளையும் போயிருக்கு. அவருதான் மனசு வச்சுச் செய்வாரு," என்றார். மனசு வைத்துத்தான் செய்தேன். சரிவு மண்ணைத் தாங்கக் கருங்கல்லில் ஒரு சுவர், முன்னதைவிட உயரம், கனமும் அதிகம். அதன் முகப்பில் ஒன்பது பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஓர் இருக்கை, அவரவர் ஆள் அவரவர் பெயரில் முதுகைச் சாய்த்து உட்காரலாம். தையல்காரருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. தினமும் வந்து சாய்ந்து உட்கார்ந்து, அன்றைக்குத் தைத்ததையெல்லாம் மனைவிக்குச் சொல்லிவிட்டுப் போவார்.

ஓட்டைகள் இருந்தன. புதிய ஒப்பந்தக்காரர் பயந்த ஆள், கேட்டதைவிட இரண்டு கூடுதலாகவே வைத்தார். அதில் ஒன்று வாலுவின் பெயருக்கு நேர் மேலே அமைந்துவிட்டது. முதல் மழையிலேயே அதிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு பெயரின் நடுவே இறங்கியது. கருங்கல்லில் வெள்ளை எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டியதில்லை. என் மனைவி ஒவ்வொரு முறையும் ஈரத்துணி எடுத்துப்போய்த் துடைப்பாள். ஒரு நாள் துடைத்துக்கொண்டே, "பாருங்க, எப்பவும் போல மூக்கு ஒழுகிட்டு நிக்கறா," என்றாள். சிரித்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவ்வளவு நேரம் ஒருவர் அழுது நான் பார்த்ததில்லை.

என் மனைவிதான் நேற்று உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள். எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. விசாரணையில் என்ன பேசினார்கள் என்று அவளுக்கு அப்போது தெரியாது, தன் தம்பி மனைவியின் பக்கத்தை விட்டு அவள் நகரவே இல்லை. போன வாரம் சிறையில் பார்க்கப் போனபோது அவள் தம்பி இத்தனை நாளுக்குப் பிறகு வாய் திறந்திருக்கிறான். "படம் எடுக்கிற வரைக்கும்தான்னு அத்தான் சொன்னாராம்க்கா. எனக்குக் காதுலயே விழல. எம் பொண்ண நானே கொன்னுட்டேன்," என்றானாம். அவளுக்குக் காதில் விழுந்திருந்தது. சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டு என் பக்கத்தில்தானே நின்றாள். திறக்கவே வேண்டாம் என்று நான் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது அவளுக்கு.

அவள் சொன்னது உண்மை. முதல் சுவரின் ஓட்டைகளை அடைக்கச் சொன்னவன் நான். பழியை அவன் தலையில் கட்டியவனும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

அதோ, வெயில் வந்துவிட்டது. நான்கு நாளாகக் கொட்டிய மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. நல்லவேளை. இன்று நினைவு நாள். எல்லாக் குடும்பங்களும் அங்கே கூடியிருப்பார்கள். என் மனைவி காலையிலேயே தம்பி மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மழைக்குப் பயந்து மரத்தடியில் நின்றவர்கள்கூட இப்போது இருக்கைகளுக்கு வந்திருப்பார்கள். கல் சூடேறியிருக்கும்.

இந்த வருடம் மழை தொடங்கியதும் அவள் என்னிடம், "ஒழுகறது நின்னு போச்சு பாத்தீங்களா," என்று கேட்டாள். கல் பழகிவிட்டது என்று சொன்னேன். நம்பினாள். எவ்வளவு சந்தோஷப்பட்டாள் தெரியுமா? இன்று துணிகூட எடுத்துப்போகவில்லை.

கல் பழகவெல்லாம் இல்லை. அந்த வேலையை நானே செய்தேன். இந்தமுறை யாரிடமும் சொல்லி அவர்களைச் சங்கடத்தில் மாட்டிவிட எனக்கு மனசில்லை. கருங்கல் தூளைச் சலித்து, சிமெண்ட்டில் குழைத்து, உள்ளே ஒரு முழம் வரை திணித்து அடைத்தேன். ஒன்றை மட்டும் அடைத்தால் மற்றவை அசிங்கமாகத் தெரியும் என்பதால் எல்லாவற்றையும் அடைத்தேன். கிட்டே போய் விரலால் தடவினால்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? நீங்கள் கேட்டது முதல் சுவரைப் பற்றித்தானே. தொலைபேசியில் கூப்பிடுவதானால் கூப்பிடுங்கள், ஆனால் நினைவு நிகழ்ச்சியில் யாரும் கைப்பேசியை எடுக்க மாட்டார்கள். அந்தச் சுவர் விழும் என்று நான் சொல்லவில்லை. நிற்கலாம். முதல் சுவரும் சில நாள் நின்றது. எது எப்படியோ, நீங்கள் எழுதுவதில் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு குழந்தையின் பெயர்மேல் அழுக்குத் தண்ணீர் வழிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை.